தண்ணீர் மாற்றும் ஹோஸுக்குள் வழவழப்பும் நாற்றமும்: எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?

கப்பிக்கூட்டம்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் நான்கு மீன்தொட்டிகள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே ஹோஸ்தான். உள்விட்டம் 12 மில்லிமீட்டர், நீளம் 8 மீட்டர், கண்ணாடி போலத் தெரியும் வினைல் ஹோஸ். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அழுக்குத் தண்ணீரை இறக்குவதும் அதில்தான். பக்கெட்டில் சின்ன மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீரை ஏற்றுவதும் அதில்தான்.

நேற்று ஏற்றத் தொடங்கியதும் ஹோஸ் வாயிலிருந்து பழுப்பு நிறத்தில், தோல் உரிந்த மாதிரி செதில் செதிலாகக் கொட்டியது. கப்பி மீன்கள் தீனி என்று நினைத்து வாயில் வாங்கித் துப்பின. கூடவே அழுகிய முட்டை நாற்றம். பயந்துபோய் மோட்டாரை உடனே நிறுத்திவிட்டேன்.

மீன்கள் இதுவரை நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஹோஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே முழுக்க ஒரு படலம். தண்ணீர் இறங்கும் வேகமும் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் 15 லிட்டர் பக்கெட் சீக்கிரம் நிறையும். நேற்று நேரம் பார்த்தேன், 3 நிமிடம் 40 விநாடி ஆனது. இத்தனை நீள ஹோஸை உள்ளே எப்படித் தேய்ப்பது? நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மணல்தரை

மூன்று வருடம் உழைத்த ஹோஸ். வெட்டி எறிந்துவிட்டுப் புதிது வாங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். மீன்களின் உயிரைவிட ஹோஸ் பெரிதில்லை.

நீரோட்டம்

மணல்தரை சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் புது ஹோஸும் இதே இடத்தில் இதே மாதிரி கிடந்தால் சில மாதத்தில் இதே நிலைக்கு வரும். அதனால் முதலில் இரண்டு விஷயம் கேட்கிறேன். வேலை முடிந்ததும் ஹோஸை எங்கே, எப்படி வைப்பீர்கள்? அந்த இடத்தில் வெளிச்சம் படுமா?

கப்பிக்கூட்டம்

சுருட்டி, பக்கெட்டுக்குள் போட்டு, ஜன்னல் ஓரமாக வைப்பேன். அடுத்த வாரம் அப்படியே எடுப்பேன். உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நீரோட்டம்

காரணம் அங்கேதான் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் உள்விட்டம், 8 மீட்டர் நீளம் என்றால் ஹோஸ் நிறைய ஏறத்தாழ 900 மில்லி தண்ணீர் பிடிக்கும். சுருட்டி வைக்கும்போது ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும். அது சுத்தமான தண்ணீரும் இல்லை. மீன் கழிவு, மீந்த தீனித் தூள், அழுகிய இலைத் துணுக்கு எல்லாம் கலந்தது. அந்தச் சத்தைத் தின்று பாக்டீரியாக்கள் ஹோஸ் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒரு பசையைச் சுரந்து அதற்குள்ளேயே குடியிருக்கும். நீங்கள் பார்க்கும் வழவழப்பு அதுதான். ஜன்னல் வெளிச்சமும் பட்டால் அதன் மேல் பாசியும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வாரம் அடைபட்டுக் கிடக்கும் தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். அதன் பிறகு, ஆக்ஸிஜன் இல்லாமலே பிழைக்கும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த முட்டை நாற்றம். அது மீனுக்கு நஞ்சு. நேற்று நீங்கள் சட்டென்று நிறுத்தியது நல்ல காரியம். சிறிதளவு போயிருந்தால் தொட்டியில் இருக்கும் ஆக்ஸிஜன் அதைச் சீக்கிரம் மாற்றிவிடும், அதனால் இப்போது பதற வேண்டாம். ஆனால் இனிமேல் எந்த ஹோஸாக இருந்தாலும் முதலில் வரும் ஒன்றிரண்டு லிட்டரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே ஊற்றிவிடுங்கள்.

வேகம் குறைந்ததற்கும் இதே படலம்தான் காரணம். சுவரைச் சுற்றி 1 மில்லிமீட்டர் படிந்தால் 12 மில்லிமீட்டர் குழாய் 10 மில்லிமீட்டர் குழாயாகிவிடும். வாயின் பரப்பு மட்டுமே 30 சதவீதம் போய்விடும். உராய்வையும் சேர்த்தால் ஓட்டம் அதைவிட அதிகமாகக் குறையும்.

புதுத்தொட்டி

நடுவில் ஒரு சந்தேகம். பாக்டீரியா தொட்டிக்கு நல்லது என்றுதானே படித்தேன்? ஹோஸைச் சுத்தம் செய்தால் நல்ல பாக்டீரியாவும் போய்விடாதா?

செடித்தொட்டி

நல்ல கேள்வி. அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஓயாமல் ஆக்ஸிஜனுள்ள நீரோட்டம் கிடைக்கும் இடத்தில் வாழ்பவை. ஃபில்டர் ஸ்பான்ஜ், செராமிக் வளையங்கள், தரை மணலின் மேற்பரப்பு, இவைதான் அவற்றின் வீடு. வாரத்துக்குப் பத்து நிமிடம் தண்ணீர் ஓடி மற்ற நேரம் தேங்கிக் கிடக்கும் ஹோஸில் வளர்வது வேறு கூட்டம். அதைத் துடைத்தெறிந்தால் தொட்டிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் குழாய்கள் வேறு கதை. அவற்றில் எப்போதும் நீர் ஓடுகிறது. அங்கும் பெரும்பங்கு பாக்டீரியா ஃபில்டருக்குள்தான் இருக்கும், ஆனாலும் குழாயைத் தேய்க்கும் அதே நாளில் உள்ளே இருக்கும் ஸ்பான்ஜையும் அலச வேண்டாம். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

பட்டறை

8 மீட்டர் ஹோஸின் உள்ளே தேய்ப்பதற்கு வழி இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் பிரஷ் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் வரும். இரண்டு பக்கத்திலிருந்து நுழைத்தாலும் நடுப்பகுதி எட்டாது. அதனால் நான் நரம்பு முறையைத்தான் நம்புகிறேன்.

ஹோஸைவிட இரண்டு மீட்டர் கூடுதல் நீளத்துக்குத் தூண்டில் நரம்பு வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிசு வேண்டாம், தடிமனானதாக இருக்கட்டும். அதன் ஒரு முனையில் சுண்டுவிரல் நகம் அளவு மெல்லிய பிளாஸ்டிக் பைத் துண்டைக் கட்டுங்கள். மறுமுனையை ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் உள்ளே போய்விடும். இப்போது பைத் துண்டை ஹோஸ் வாயில் விட்டு, தொட்டியிலிருந்தோ பக்கெட்டிலிருந்தோ சைஃபனை, அதாவது உயரத்திலிருந்து தாழ்வுக்குத் தண்ணீர் தானாக இறங்கும் ஓட்டத்தை, ஓடவிடுங்கள். ஓடும் தண்ணீர் குடையைப் பிடித்து இழுப்பது போல அந்தத் துண்டை இழுத்துக்கொண்டு மறுமுனையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். படலம் தடிமனாக இருந்து நடுவில் நின்றுவிட்டால் ஹோஸை நேராக நீட்டிப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

நரம்பு மறுபக்கம் வந்ததும் பைத் துண்டை எடுத்துவிட்டு, குச்சி இருக்கும் முனையில் ஸ்பான்ஜ் துண்டைக் கட்டுங்கள். 12 மில்லிமீட்டர் ஹோஸுக்கு 15, 16 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு போதும். அதைவிடப் பெரிதாக வைத்தால் நடுவில் இறுகிக்கொள்ளும். ஸ்பான்ஜுக்கு அந்தப் பக்கமும் ஒரு நரம்பு வால் விட்டுக் கட்டுங்கள். சிக்கினால் பின்னால் இழுத்து எடுக்கலாம். நான் ஒருமுறை வால் கட்டாமல் இழுத்து, நரம்பு அறுந்து, ஸ்பான்ஜ் நடு ஹோஸில் மாட்டி, கடைசியில் ஹோஸை இரண்டாக வெட்டித்தான் எடுத்தேன். அதிலிருந்து வால் இல்லாமல் இழுப்பதே இல்லை.

ஹோஸுக்குள் தண்ணீர் இருக்கும்போதே இழுக்க வேண்டும். காய்ந்த வினைலில் ஸ்பான்ஜ் நகராது. நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் கையை அறுத்துவிடும், ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு இழுங்கள். மூன்று நான்கு தடவை இழுத்ததும் வெளியே வரும் தண்ணீரைப் பாருங்கள், நீங்களே நம்பமாட்டீர்கள்.

தங்கமீன் தாத்தா

பட்டறை தம்பி சொன்ன முறை அருமை. சின்ன ஹோஸுக்கு நான் கல்லுப்பு பயன்படுத்துவேன். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சைஃபன் குழாய்க்குள் ஒரு பிடி கல்லுப்பும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்து ஐந்து நிமிடம் குலுக்க வேண்டும். உப்பு கரைவதற்குள் அதன் முனைகள் படலத்தைச் சுரண்டிவிடும். பிறகு அலசினால் எச்சம் எதுவும் தங்காது. 8 மீட்டருக்கு இது ஆகாது.

எதைச் செய்தாலும் சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவை செவுளைப் பாதிக்கும். எத்தனை அலசினாலும் நீளக் குழாயின் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும்.

மணல்தரை

சரி, தூக்கி எறியச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு இழுத்துத் தேய்ப்பதற்குப் பதிலாக பிளீச்சை ஊற்றி ஊறவைத்தால் போதாதா? எல்லாம் செத்துவிடுமே.

நீரோட்டம்

சாகும், முழுவதும் சாகாது. பிளீச்சில் இருக்கும் குளோரின், கண்ணில் படும் அழுக்கோடு எல்லாம் வினைபுரிந்து தீர்ந்துபோகும். மேலே இருக்கும் படலம் அதைத் தின்றுவிடும், அடியில் சுவரோடு ஒட்டியிருப்பவை தப்பிவிடும். செத்த படலமும் உள்ளேயே இருக்கும். அடுத்த வாரம் அதுவே உரிந்து தொட்டியில் கொட்டும், புதிய பாக்டீரியாவுக்கு அதுவே உணவும் ஆகும். அதனால் தேய்த்த பிறகுதான் பிளீச்.

இன்னொன்று. வாராவாரம் காயவைக்கும் ஹோஸுக்கு பிளீச் தேவையே படாது. நோய் வந்த தொட்டியில் பயன்படுத்தினால், அல்லது கப்பிக்கூட்டம் சொன்ன நிலைக்குப் போய்விட்டால் மட்டும் போதும். என் ஹோஸுக்கு நான் வருடத்தில் ஒருமுறைகூட ஊற்றுவதில்லை.

அளவு சொல்கிறேன். வாசனையும் நுரையும் சேர்க்காத சாதாரண பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் அளவில் இருப்பது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 19 பங்கு தண்ணீர். உங்கள் ஹோஸ் நிறைய 1 லிட்டர் போதும், எனவே 50 மில்லி பிளீச், 950 மில்லி தண்ணீர். ஹோஸைச் சுருட்டிக்கொண்டு ஊற்றினால் ஒவ்வொரு வளையத்தின் மேலும் காற்று அடைபட்டு நிற்கும், அந்த இடத்தில் மருந்தே படாது. இரண்டு முனையையும் உயரத்தில் கட்டி, நடுப்பகுதி கீழே தொங்குகிற மாதிரி வைத்து, ஒரு பக்கம் புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மறுமுனையில் திரவம் எட்டிப் பார்க்கும்போது ஹோஸ் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். 15 நிமிடம் போதும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பழைய பிளீச்சை நம்ப வேண்டாம். திறந்து பல மாதம் ஆனதில் வீரியம் இறங்கியிருக்கும், வெயிலில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

செர்ரி இறால்

இங்கே குறுக்கிட்டே ஆக வேண்டும். ஹோஸின் முனையில் வெள்ளையாக உப்புக்கறை படிந்திருந்தால் அதைக் கரைக்க வினிகர் ஊற்றுவது வழக்கம். கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலத்தில் நன்றாகக் கரையும். ஆனால் பிளீச்சும் வினிகரும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றுசேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்குழலைப் புண்ணாக்கிவிடும். ஒன்றைச் செய்த அதே நாளில் மற்றதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. நடுவில் நன்றாக அலசி ஒரு நாள் காயவிடுங்கள். அமோனியா கலந்த தரை துடைக்கும் திரவத்தோடும் பிளீச் சேரக் கூடாது.

பிளீச் போட்ட ஹோஸை "நன்றாக அலசிவிட்டேன்" என்று நினைத்து ஏமாந்தவள் நான். மூன்று தடவை தண்ணீர் விட்டேன், மூக்கை வைத்துப் பார்த்தேன், நாற்றமில்லை. அன்று மாலை அதே ஹோஸில் இறால் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். மறுநாள் காலையில் நாற்பது இறாலுக்கு மேல் செத்துக் கிடந்தன. இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த கூட்டம். மூக்குக்குத் தெரியாத அளவே இறாலுக்குப் போதும் என்று அன்றுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு என் முறை இதுதான்: குழாய்த் தண்ணீரில் அலசியதும், தொட்டிக்குப் போடும் ஆன்டி குளோரினைச் சாதாரண அளவைப்போல ஐந்து மடங்கு கலந்து, ஹோஸ் நிறைய ஊற்றி அரை மணி நேரம் விடுவேன். சோடியம் தயோசல்ஃபேட் எஞ்சிய குளோரினை முறித்துவிடும். அப்புறம் இன்னொரு அலசல், பிறகு முழுக்கக் காயவைத்தல். காயும்போது மிச்சமும் போய்விடும். இறால் தொட்டிக்கு மட்டும் இப்போது தனி ஹோஸ், அதில் பிளீச் படுவதே இல்லை. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். படலத்தில் பட்டதும் பொங்கிக்கொண்டு அதைச் சுவரிலிருந்து கிளப்பிவிடும், கடைசியில் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடும்.

கப்பிக்கூட்டம்

படிக்கவே மனம் கஷ்டமாக இருக்கிறது அக்கா. நான்கு தொட்டிக்கும் ஒரே ஹோஸ் என்று எழுதினேனே, அதுவும் தப்போ என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் தனித்தனி வாங்க வேண்டுமா?

தங்கமீன் தாத்தா

எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஆனால் புது மீனைத் தனியாக வைத்துப் பார்க்கும் தொட்டிக்குக் கட்டாயம் தனி ஹோஸ், தனி வலை. மற்ற மூன்றுக்கும் ஒரே ஹோஸ் என்றால், ஆரோக்கியமான தொட்டியில் தொடங்கி, சந்தேகமுள்ள தொட்டியில் முடியுங்கள்.

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு எந்தப் பருவத்திலும் தண்ணீர் வேண்டும். ஹோஸ் முழுக்கக் காய்ந்துவிட்டால் அது பிழைக்காது. ஹைட்ரா, தட்டைப்புழு எல்லாமும் ஈரத்தில்தான் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. அதனால்தான் காயவைப்பதைப் பற்றி எல்லோரும் இவ்வளவு சொல்கிறோம்.

ஆனால் காய்ந்தும் சாகாதவையும் உண்டு. என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். பல வருடத்துக்கு முன்பு ஹோஸ் முனையில் இருந்த கிளிப் கீறி, நடுவிரலில் சின்னக் காயம். அப்படியே தொட்டிக்குள் கைவிட்டு வேலை செய்தேன். சில வாரம் கழித்து அந்த இடத்தில் சிவந்த முடிச்சு ஒன்று வந்தது. வலி அதிகமில்லை, ஆனால் ஆறவில்லை. முதலில் காட்டிய இடத்தில் சாதாரணப் புண் என்று மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் போய்விட்டது. பிறகு வேறொரு தோல் மருத்துவர் "வீட்டில் மீன்தொட்டி இருக்கிறதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. மைகோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி. உடலின் 37 டிகிரி சூட்டில் அது சரியாக வளராது, அதனால் கை போன்ற குளிர்ந்த தோலில் தங்கிவிடும். குணமாக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியிருந்தது.

கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள். ஆறாத புண் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் மீன் வளர்ப்பதை நீங்களாகவே சொல்லுங்கள். தயவுசெய்து யாரும் ஹோஸை வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம்.

புதுத்தொட்டி

ஐயா, நான் இத்தனை நாளும் வாயால்தான் உறிஞ்சுகிறேன். வேறு எப்படி?

பட்டறை

மிகவும் எளிது. ஹோஸின் முனையில் மாட்டும், மணல் உறிஞ்சுவதற்கான அகலமான குழாயைத் தொட்டிக்குள் சாய்த்து முழுக்க மூழ்கவிட்டு, வாயை மேல்நோக்கி நீருக்கு மேலே தூக்குங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஹோஸில் இறங்க ஆரம்பிக்கும். அது முழுக்க வடிவதற்குள் மறுபடி மூழ்கவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் ஓட்டம் பிடித்துவிடும். மறுமுனை தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பம்பு வைத்த சைஃபனும் கிடைக்கிறது. அந்த ரப்பர் பந்துக்குள்ளும் தண்ணீர் தேங்கும், அதையும் கழற்றிக் காயவையுங்கள்.

செடித்தொட்டி

குழாயில் நேரடியாக மாட்டும் ஹோஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹோஸ் முனை தொட்டி நீரில் மூழ்கியிருக்கும்போது குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், தொட்டித் தண்ணீர் பின்னால் இழுபட்டு வீட்டுக் குழாய்க்குள் போகலாம். ஒருவழி வால்வு ஒன்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஹோஸ் முனையை நீர்மட்டத்துக்கு மேலேயே கிளிப் போட்டு நிறுத்துங்கள். குழாயில் மாட்டும் அடாப்டருக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அதன் பின்பக்கம்தான் கறுப்புப் பூஞ்சை முதலில் வரும். ஹோஸைத் தேய்ப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

பித்தளை இணைப்புகள் பற்றியும் கவனம் வேண்டும். பித்தளையில் செம்பு இருக்கிறது. இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு ஆகாது. தண்ணீர் வேகமாக ஓடிப் போகும்போது பிரச்சினை குறைவு, இரவெல்லாம் அதில் தேங்கி நின்ற தண்ணீர் தொட்டிக்குப் போனால்தான் ஆபத்து. பிளாஸ்டிக் இணைப்பு இருந்தால் அதையே போடுங்கள். தோட்டத்து ஹோஸ்களில் சிலவற்றில் குடிநீருக்கு ஏற்காத பொருள்கள் சேர்த்திருப்பார்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஏற்றுவதற்கு, குடிநீருக்கு உகந்தது என்று குறிப்பிட்ட ஹோஸே நல்லது. இறக்குவதற்கு மட்டும் என்றால் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

மணல்தரை

கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் எல்லாப் பிரச்சினையும் தீருமே?

நீரோட்டம்

ஹோஸ் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. சிலிகான் ஹோஸ் கொதிநீரைத் தாங்கும். வினைல் தாங்காது, குழைந்து மடிந்துவிடும். மடிந்த இடத்தில் தழும்பு விழுந்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அங்கேதான் மடியும். கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டால் போதும். சுருண்டே கிடந்து பழகிய ஹோஸை நேராக்கவும் அதே வெந்நீர் உதவும்.

வினைலை மிருதுவாக வைத்திருப்பதே அதில் கலந்திருக்கும் ஒரு பொருள்தான். நாளாக ஆக அது வெளியேறி ஹோஸ் விறைத்துப்போகும். ஆல்கஹால் ஊற்றித் துடைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். விறைத்த ஹோஸ் இணைப்பில் சரியாகப் பிடிக்காது, நடு இரவில் கழன்றுகொள்ளும். மணல்தரை முதலில் சொன்ன மாதிரி தூக்கி எறிய வேண்டிய நேரம் அதுதான்: வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா, முனை பிளந்திருக்கிறதா, தேய்த்த பிறகும் ஒட்டுகிற மாதிரி பிசுபிசுக்கிறதா. முனை மட்டும் பிளந்திருந்தால் 5 சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம்.

கப்பிக்கூட்டம்

நேற்று நரம்பு முறையில் இழுத்தேன்! பட்டறை அண்ணா, முதல் தடவையே பைத் துண்டு மறுபக்கம் வந்துவிட்டது. ஸ்பான்ஜை ஐந்து முறை இழுத்தேன். முதல் மூன்று முறையும் சேறு மாதிரி வந்தது, ஐந்தாவதில் தண்ணீர் தெளிந்துவிட்டது. பிறகு அளவுப்படி பிளீச் 15 நிமிடம், அலசல், ஆன்டி குளோரின் அரை மணி நேரம், மறுபடி அலசல். ஹோஸ் புதிது மாதிரி இருக்கிறது. 15 லிட்டர் பக்கெட் இப்போது 2 நிமிடம் 35 விநாடியில் நிறைகிறது.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். 8 மீட்டர் ஹோஸை எப்படிக் காயவைப்பது? மாலையில் கொடியில் தொங்கவிட்டேன், இன்று பார்த்தால் உள்ளே இன்னும் துளிகள் நிற்கின்றன. வெயிலில் போடலாமா?

தங்கமீன் தாத்தா

வெயில் வேண்டாம். நான் வெயிலில் போட்டுப் போட்டு ஒரு ஹோஸை ஒரே வருடத்தில் மஞ்சளாக்கி விறைக்க வைத்துவிட்டேன். நிழலில், காற்றோட்டமான இடத்தில் போடுங்கள்.

மணல்தரை

நான் இதில் மாறுபடுகிறேன் ஐயா. மழை மாதங்களில் நிழலில் போட்டால் ஒரு வாரமானாலும் காயாது, பூஞ்சைதான் வரும். ஒரு மணி நேர வெயில் ஹோஸைக் கொன்றுவிடாது.

தங்கமீன் தாத்தா

ஒரு மணி நேரம் என்றால் ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நான் நாள் முழுக்க விட்டுவிடுவேன், அது என் தவறு.

செர்ரி இறால்

வெயிலும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் ஏர் பம்ப் இருக்குமே, அதைப் பயன்படுத்துங்கள். முதலில் ஹோஸின் ஒரு முனையை உயரத்தில் பிடித்து, அங்கிருந்து கை மாற்றிக் கை மாற்றி ஹோஸைத் தூக்கிக்கொண்டே போனால் தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு மறுமுனையில் கொட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு கார்க்கில் துளையிட்டு ஏர் பம்ப் குழாயைச் செருகி, அந்தக் கார்க்கை ஹோஸ் வாயில் அடைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கக் காற்று உள்ளே ஓடும். காலையில் ஒரு துளி இருக்காது. மழை நாளிலும் வேலை செய்யும். பம்பைத் தரையில் வைக்காமல் ஹோஸைவிட உயரத்தில் வையுங்கள், தண்ணீர் பின்னால் வந்து பம்புக்குள் போய்விடக் கூடாது.

காய்ந்த பிறகு பெரிய வட்டமாகச் சுருட்டி, இரண்டு முனையும் கீழ்நோக்கித் திறந்திருக்க, வெளிச்சம் படாத அலமாரியில் ஆணியடித்து மாட்டிவிடுங்கள். ஒரே ஆணி போட்டால் அந்த இடத்தில் மடியும். அகலமான கொக்கியோ காலி டப்பாவோ வைத்து அதன் மேல் மாட்டுங்கள். மூடி போட்டு அடைக்க வேண்டாம். பூச்சி நுழையும் என்று பயமிருந்தால் முனையில் மெல்லிய துணி கட்டலாம்.

புதுத்தொட்டி

கறுப்பு ஹோஸ் வாங்கினால் பாசியே வராது அல்லவா?

பட்டறை

பாசி வராது, பாக்டீரியாப் படலம் வரும். அது உள்ளே இருப்பதும் உங்களுக்குத் தெரியாது. மணலை உறிஞ்சும்போது குட்டி மீன் உள்ளே போய்விட்டதா என்றும் பார்க்க முடியாது. தெளிவான ஹோஸை வாங்கி இருட்டில் வைப்பதுதான் என் விருப்பம்.

கப்பிக்கூட்டம்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கார்க்கும் ஏர் பம்பும் இப்போது ஹோஸோடு சேர்ந்து அலமாரியிலேயே இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை வேலை முடிந்ததும் கை மாற்றிக் கை மாற்றித் தண்ணீரைத் தள்ளிவிட்டு, பம்பை மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறேன். அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பிளீச் பாட்டிலைத் திரும்ப எடுக்கவே இல்லை.

உள்ளே உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, வடிகால் பக்க முனையில் 5 சென்டிமீட்டர் வெட்டி, நீளவாக்கில் பிளந்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு இல்லை. இணைப்பு மாட்டியிருந்த ஒரு விரற்கடை அளவில் மட்டும் லேசான பழுப்பு. அங்கே காற்று போகவில்லை போலிருக்கிறது. இனி மாதம் ஒருமுறை அந்த இணைப்பைக் கழற்றிவிட்டுக் காயவைக்கப் போகிறேன். பக்கெட் நேற்றும் 2 நிமிடம் 35 விநாடிதான். தனித்தொட்டிக்கு 2 மீட்டரில் இன்னொரு ஹோஸ் வாங்கி, முனையில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன், மாறிப்போகாமல் இருக்க.

செர்ரி இறால்

அந்த இணைப்பை மாட்டும்போது ஸ்டீல் கிளிப் போட்டிருந்தால் அதன் அடியில் துரு இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையைக் கீறுவது பெரும்பாலும் அதுதான்.